கொசுவுக்கு வைத்த பொறியும் தோட்டத்து வெறுங்காலும்

கொசுவைக் கொல்ல என்ன வழி என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட நாலைந்து சொல்லிவிடும். சுருள் கொளுத்தலாம், மருந்து தெளிக்கலாம், மட்டையால் அடிக்கலாம். ஆனால் ஓர் ஊரில் என்னென்ன கொசு இருக்கிறது, அவற்றில் எது நோய் கொடுக்கிறது, அது வீட்டுக்குள் வந்து கடிக்கிறதா, வெளியிலேயே கடித்துவிட்டுப் போகிறதா என்று கேட்டால் பெரியவர்களும் விழிப்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் மருந்து அடிப்பது, திருடன் யார் என்று தெரியாமல் தெருவில் போகிறவரையெல்லாம் பிடித்து உதைப்பதற்குச் சமம்.

விடை வேண்டுமானால் கொசுவைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை எண்ண வேண்டும், இனம் பிரிக்க வேண்டும், வயிற்றையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் அறுத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கொசுப் பொறிகள் பிறந்தன. எலிப்பொறி எல்லாருக்கும் தெரியும். கொசுவுக்கும் பொறி உண்டு, அதிலும் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும் என்பதும், மலாயாத் தோட்டங்களில் மாண்ட நம்மவர்களின் கணக்கு இந்தப் பொறிகளோடு பின்னிக் கிடக்கிறது என்பதும் அதிகம் பேசப்படாத செய்திகள்.

நெகிரி செம்பிலானின் கோலா பிலா வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கதை எளிதில் விளங்கும். சிரம்பானிலிருந்து புக்கிட் பூத்துஸ் கணவாயில் ஏறி இறங்கினால் கோலா பிலா. பள்ளத்தாக்குகளில் மலாய்க் கம்பங்கள், ஒடுங்கிய நெல்வயல்கள், எருமைகள். சரிவுகளில் பால்மரம், தமிழர் குடியிருந்த லயங்கள். இரண்டுக்கும் நடுவே, மலையடிவாரத்தில் கசிந்து ஊறி ஓடும் தெளிந்த சிற்றோடைகள். பார்ப்பதற்கு அழகான நிலம். கொசு ஆராய்ச்சி செய்பவருக்கோ இது ஒரே இடத்தில் மூன்று உலகம். வயலில் வளரும் கொசு வேறு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளரும் கொசு வேறு, வெயில் படும் ஓடைக் கசிவில் வளரும் கொசு வேறு. மூன்றும் ஒரே இரவில் ஒரே லயத்துக்குப் பக்கத்தில் பறக்கலாம். ஆளைக் கொல்வது மூன்றில் ஒன்றுதான்.

கடற்கரை வைத்தியம்

மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் முதன்முதலாகக் கண்டவர் ரொனால்ட் ரோஸ். 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, செகந்தராபாத்தில். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவு மலாயாவில் வேலைக்கு வந்தது. 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிள்ளான் பட்டணத்திலும் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காட்டை வெட்டி, சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் கொசுவைக் குறிவைத்து மலேரியாவை வென்ற முதல் வெற்றிகளுள் ஒன்று என்று அது பேசப்பட்டது.

கடலோரத்தில் காய்ச்சல் பரப்பிய கொசுக்களில் முக்கியமானது அனோபிலிஸ் அம்புரோசஸ். காட்டு நிழலில் தேங்கிய நீர் அதற்குப் பிடிக்கும். காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழியும். ரப்பர் விலை ஏறிய காலம் அது. கடலோரம் போதாமல் தோட்டங்கள் உள்நாட்டு மலைகளுக்கு ஏறின. அங்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. காட்டை வெட்டினார்கள், பள்ளங்களைத் துப்புரவாக்கினார்கள், ஓடைகளில் வெயில் விழச் செய்தார்கள்.

காய்ச்சல் குறையவில்லை, ஏறியது. வெயில் பட்ட தெளிந்த ஓடையில்தான் அனோபிலிஸ் மாக்குலாத்தஸ் என்ற இன்னொரு கொசு முட்டையிடும் என்பது பிறகே புரிந்தது. கடலோரத்தில் உயிர் காத்த கோடரி, மலையில் உயிர் வாங்கும் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டது.

1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு 60 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஒரு தோட்டத்தில் 500 பேர் வேலை செய்தால் ஆண்டுக்கு 30 பிணம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் சராசரிதான். புதிதாகத் திறந்த மலைத்தோட்டங்களில் நிலைமை அதைவிடக் கொடியது. மலேரியாவோடு வயிற்றுப்போக்கும் கொக்கிப் புழுவும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் ஆளை நடக்க முடியாமல் செய்து மற்ற நோய்களுக்குக் கதவு திறந்துவிட்டது பெரும்பாலும் மலேரியாதான். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்து கங்காணி அழைத்து வந்த ஆட்கள், பிறந்த ஊரின் காய்ச்சலுக்குப் பழகியிருந்தாலும் இந்த மலைக்காய்ச்சலுக்குப் பழகியவர்கள் அல்லர்.

அந்நாளில் கொசுவைப் பிடிக்க ஒழுங்கான பொறி கிடையாது. காய்ச்சலை எப்படி அளந்தார்கள்? குழந்தைகளின் வயிற்றைத் தடவி! மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இடப்பக்க விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்ப்பார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதே அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு. வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று இந்தக் கணக்கை எடுத்தார். 1911-இல் வெளிவந்த அவருடைய மலேரியாத் தடுப்பு நூலில் இப்படிப்பட்ட கணக்குகள் நிறைய. மலாயாவில் கொசுவுக்கு வைத்த முதல் பொறி தமிழ்ப் பிள்ளைகளின் வயிறு என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தக் கணக்கால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. எது கெட்ட ஓடை என்று தெரிந்த பிறகு, அந்த ஓடையின் நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓட்டினார்கள். அது செலவு பிடித்த வேலை. 1914 வாக்கில் ஓடைகளுக்கு எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் படர்ந்தால் கூத்தாடிப் புழு மூச்சுவிட முடியாமல் சாகும். மலாய்க்காரர் ஜெந்திக்-ஜெந்திக் என்று சொல்லும் அதே புழுதான். முதுகில் எண்ணெய்த் தகரம் சுமந்து வாரம் தவறாமல் ஓடையோரம் நடக்கும் ஆள், தோட்ட வாழ்வின் நிரந்தரக் காட்சியாகிப்போனார். அவருக்குப் பின்னால் ஒருவர் அகப்பையால் நீரை மொண்டு புழு இருக்கிறதா என்று பார்ப்பார். அகப்பையும் ஒரு பொறிதான். ஆனால் அது பிறக்கும் கொசுவைக் காட்டுமே தவிர, கடிக்கும் கொசுவைக் காட்டாது.

சுவரில் உட்காராத கொசு

கடிக்கும் கொசுவைப் பிடிப்பது எப்படி? மிக எளிய வழி, காலையில் ஒரு கைவிளக்கும் கண்ணாடிக் குழாயும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்ச் சுவரிலும் கூரை மூலையிலும் உட்கார்ந்திருக்கும் கொசுவைப் பிடிப்பது. இரவில் இரத்தம் குடித்த கொசு, செரிக்கும்வரை எங்காவது ஓய்வெடுக்க வேண்டும் அல்லவா?

தமிழ்நாட்டில் இந்த வழி நன்றாகவே பலித்தது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, காவிரி நீர் புதுக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்ந்தபோது அங்கே மலேரியா புகுந்தது. ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தைச் சேர்ந்த பால் ரசல், சென்னை மாகாண அரசோடு சேர்ந்து 1930-களின் பிற்பாதியில் அங்கே ஆராய்ச்சி நடத்தினார். அங்குள்ள குற்றவாளி அனோபிலிஸ் கியூலிசிஃபேசீஸ். அது பகலில் வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் தங்கும் கொசு. ஆகவே சுவரில் தேடினால் அகப்படும். சுவரில் மருந்து அடித்தாலும் சாகும். பின்னாளில் இந்தியாவில் டிடிடி பெற்ற பெருவெற்றிக்கு இந்தக் குணமே காரணம்.

மாக்குலாத்தஸ் அப்படியல்ல. கடிப்பதற்கு லயத்துக்குள் நுழைந்தாலும் அது அங்கே தங்கிச் செரிக்கும் பழக்கமில்லாதது. கடித்ததும் வெளியேறிப் புதரிலும் ஓடைக் கரையிலும் ஒதுங்கிக்கொள்ளும். வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை வெளியிலேயே கடித்துவிட்டுப் போவதும் உண்டு. விடிந்த பிறகு லயத்துச் சுவரை எவ்வளவு தேடினாலும் கிடைப்பது ஆபத்தில்லாத வேறு கொசு. ஆஸ்பத்திரியில் படுக்கைகள் நிறைந்திருக்கும், சுவரில் மட்டும் குற்றவாளி இருக்க மாட்டான்! சுவர்க் கணக்கை நம்பினால் இந்தத் தோட்டத்தில் மலேரியாக் கொசு இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். தஞ்சாவூரில் சரியான விடை கொடுத்த முறை, தஞ்சாவூர்க்காரர் பால் வெட்ட வந்த மலையில் தவறான விடை கொடுத்தது.

இந்த இடத்தில்தான் பி.ஏ.ஆர். கேட்டர் என்பவரின் பெயர் வருகிறது. மலாயாவின் அனோபிலிஸ் கொசுக்களை இனம் காண 1935-இல் சிங்கப்பூரில் அச்சான அவருடைய கையேடு அந்நாளைய ஆய்வாளர்களுக்கு வேதம் மாதிரி. மனிதனையே இரையாக வைக்கும் வலைப்பொறியோடு சேர்த்தும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. தத்துவம் எளிது. வெளியில் ஒரு கொசுவலையைக் கட்டி, அதற்குள் ஓர் ஆளைப் படுக்கவைப்பது. ஆனால் வலையை முழுதாக மூடாமல் கொசு நுழைய இடம் விடுவது. ஆள் வாசத்துக்கு உள்ளே வரும் கொசு, வெளியேற வழி தெரியாமல் வலைக்குள் சுற்றும். அதைக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். கொசு வராமல் இருக்கக் கட்டும் வலையைக் கொசு வரவே கட்டியது ஒரு தலைகீழ்ப் புத்திதான். ஆனால் சுவரில் அகப்படாத கொசு இதில் அகப்பட்டது.

இரையாகப் படுத்தவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட உதவியாளர்கள். கொயினா மருந்து கிடைத்த காலம்தான் என்றாலும், மலேரியாக் காட்டில் இரவு முழுக்கக் கொசுவை வரவேற்றுப் படுத்திருப்பது சாமானிய வேலையில்லை.

பஹாவ் சொன்ன பாடம்

ஓடைக்கு எண்ணெய் போடுவது நின்றால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியர் காலம் காட்டியது. எண்ணெயும் இல்லை, கொயினாவும் இல்லை. இன்று ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கும் பஹாவ், அப்போது கோலா பிலா மாவட்டத்தைச் சேர்ந்தது. 1943-இன் இறுதியிலிருந்து சிங்கப்பூரின் யூரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களுமாக ஏறத்தாழ 3,000 பேர் அங்கே காட்டை வெட்டிக் குடியேற அனுப்பப்பட்டார்கள். சொந்தமாக விளைத்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டணத்து மக்கள், மண்வெட்டி பிடித்தறியாதவர்கள். காடு வெட்டிய மலைநிலத்தில் மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 30 ஆண்டுகளாகத் தோட்டங்கள் உயிர் கொடுத்துக் கற்ற பாடம், பக்கத்து மேட்டில் முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுதப்பட்டது.

அதே ஆண்டுகளில் நம்மவர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மலேரியாவுக்கும் காலராவுக்கும் பலியானது தனிக் கதை. அதை இந்தப் பத்தியில் அடக்க முடியாது.

குடிசை, மாடு, விளக்கு

போருக்குப் பின் டிடிடி வந்தது. சுவரில் அடிக்கும் மருந்து அது. சுவரில் தங்காத கொசுவை அது என்ன செய்யும் என்பது மலாயாவின் கேள்வியாயிற்று. இதற்கு விடை காண, கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர் ஆர்.எச். வார்ட்டன் சன்னல் பொறிக் குடிசைகளைப் பயன்படுத்தினார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் 1951 முதல் வெளிவந்தன.

சாதாரணக் குடிசைதான். உள்ளே ஆள் தூங்குவார். கொசு நுழைய இடுக்குகள் உண்டு. சன்னலில் மட்டும் வலைக் கூண்டு பொருத்தியிருக்கும். கடித்துவிட்டு வெளிச்சம் தேடிச் சன்னல் வழியே வெளியேறும் கொசு கூண்டில் விழும். விடிந்ததும் கூண்டில் எத்தனை, தரையில் செத்துக் கிடப்பது எத்தனை, சுவரில் எத்தனை என்று எண்ணலாம். கொசு வந்ததை மட்டுமல்ல, வந்து என்ன செய்துவிட்டுப் போனது என்பதையும் சொன்ன பொறி இது. மலாயாவில் வைக்கப்பட்ட பொறிகளுக்குள் புத்திசாலிப் பொறி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். மருந்து அடித்த குடிசையையும் அடிக்காத குடிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வார்ட்டனும் ஜே.ஏ. ரீடும் நடத்திய சோதனைகள் 1956-இல் வெளியாயின.

வார்ட்டன் மாட்டுக் கொட்டகைகளிலும் கொசு பிடித்தார். மாட்டை வலைக்குள் கட்டிவைத்துப் பிடிக்கும் முறையும் மலேசியாவில் பல்லாண்டுகள் நடந்தது. மாட்டு வலையில் கொசு குவியும். ஆனால் குவிவதில் பெரும்பகுதி அனோபிலிஸ் வாகஸ், அனோபிலிஸ் கோச்சி போன்ற, மாட்டையே விரும்பும் இனங்கள். மாட்டு வலையின் எண்ணிக்கையைப் பார்த்து, இங்கே அனோபிலிஸ் பெருகிவிட்டது, மலேரியா வரப்போகிறது என்று ஓலமிட்டால் அது வீண் பீதி. பேராக்கின் கிரியான் நெல்வயல் பகுதியில் கொசு மொய்த்தும் மலேரியா அரிதாக இருந்ததை வாட்சன் அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார். கோலா பிலாவின் பள்ளத்தாக்கு வயல்களைப் போல எருமையும் நெல்லும் உள்ள இடத்தில் மாட்டு வலை வைத்தால் கணக்குப் புத்தகம் நிறையும், குற்றவாளி மட்டும் கூட்டத்தில் மறைந்துகொள்வான்.

அமெரிக்காவில் 1930-களில் நியூஜெர்சி விளக்குப் பொறி வந்தது. மின்விளக்கும் மின்விசிறியும் கொண்டது. வெளிச்சத்துக்கு வரும் கொசுவை விசிறி உறிஞ்சிக் குப்பிக்குள் தள்ளும். மின்சாரமில்லாத இடத்துக்கு அதைத் தூக்கிப் போக முடியாது. 1962-இல் சூடியா, சேம்பர்லின் என்ற இருவர் பேட்டரியில் ஓடும் கைக்கடக்கமான விளக்குப் பொறியை உருவாக்கினார்கள். உலகம் முழுக்கப் பரவிய பொறி இதுதான். ஒரு மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். பக்கத்தில் உறைபனிக் கரியமிலத்தை வைத்தால் ஆள் மூச்சுவிடுகிறான் என்று நினைத்துக் கொசு இன்னும் அதிகமாக வரும்.

கியூலெக்ஸ், மான்சோனியா போன்ற கொசுக்களுக்கு விளக்குப் பொறி நன்றாக உழைத்தது. வயல்வெளியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸை அள்ளிக் கொடுத்தது. மாக்குலாத்தஸ் விஷயத்தில்தான் ஏமாற்றம். மனிதனைத் தேடி வருவதை அளக்க, மனிதக் காலுக்கு ஈடாக அந்த விளக்கு நிற்கவில்லை. நிலாக் காலத்தில் விளக்கின் மவுசு குறையும், பக்கத்து வீட்டு மின்விளக்கும் போட்டிக்கு வரும். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கோ இரவு விளக்கால் என்ன பயன்?

வெறுங்கால் பிடிப்பு

1967-இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. திட்டத்தின் பூச்சியியல் குழுக்கள் நம்பிய முறைகளுள் முதன்மையானது வெறுங்கால் பிடிப்பு. பெயரே விளக்கம். அந்திக்குப் பிறகு ஒருவர் முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டுத் திண்ணையிலோ வெளியில் மரத்தடியிலோ உட்காருவார். காலில் கொசு உட்காரும்போது கைவிளக்கை அடித்து, கடிக்கும் முன் கண்ணாடிக் குழாயைக் கவிழ்ப்பார். குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்து, மணியை எழுதி வைப்பார். ஒருவர் வீட்டுக்குள், ஒருவர் வெளியே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஊர்க் கொசு உள்ளே கடிக்கிறதா, வெளியே கடிக்கிறதா, எந்த மணிக்குக் கடிக்கிறது என்று தெரியும். வேறெந்தப் பொறியும் இதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

எண்ணிக்கையோடும் வேலை முடிவதில்லை. பிடித்த கொசுவின் சூலகத்தை அறுத்துப் பார்த்தால் அது முன்பே முட்டையிட்டதா இல்லையா என்று தெரியும். முட்டையிட்டது என்றால் வயதான கொசு. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிர ஒன்றரை வாரமாவது வேண்டும். ஆகவே இளங்கொசு 100 இருந்தாலும் அச்சமில்லை, கிழக்கொசு 5 இருந்தால் ஆபத்து. கொசு குறைந்துவிட்டது என்று பெருமைப்படும் அறிக்கைகள் எத்தனை கிழக்கொசு மிச்சம் என்பதைச் சொல்லாவிட்டால் அவற்றை நம்பிப் பயனில்லை.

வெறுங்கால் பிடிப்பில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. குழாய் ஒரு நொடி தாமதமானால் கடி விழும். ஆகவே பிடிப்பவர்களுக்கு முன்கூட்டியே மலேரியாத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். மலேரியாவுக்கு மாத்திரை உண்டு. டிங்கிக்கு அப்படி மாத்திரை கிடையாது. அதனால் டிங்கி பரவும் ஊரில் வெறுங்காலை நீட்டச் சொல்வது நியாயமா என்ற கேள்வி வலுத்தது. இன்று ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், உட்காருபவரின் சம்மதமும் இல்லாமல் இந்த முறையை நடத்த முடியாது. 1910-களில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. அவர் காலில் உட்கார்ந்த கொசுவையும் யாரும் எண்ணவில்லை. அவர் இறந்த பிறகு அவரை மட்டும் எண்ணினார்கள்.

புகை அடித்தும் போகாத நோய்

கொசுவைச் சரியாகப் பிடித்துப் பார்ப்பது ஒரு பக்கம். கொசுவே குற்றவாளியா என்று கேட்பது இன்னொரு பக்கம். நெகிரி செம்பிலான் மக்கள் அந்தப் பாடத்தை 1999-இல் படித்தார்கள்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் முடிவு செய்யப்பட்டது. பன்றியிலிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் நோய் அது. ஆண்டு முடிவதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் வந்து, புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரத்தைச் சூறையாடியது. கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே சாய்ந்தவர்கள் பன்றியோடு நேரடியாகப் புழங்கிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் மாண்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பாவின் பெயராலேயே அது நிப்பா கிருமி ஆயிற்று. மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்ற அந்த நோய்க்குக் கொசுவோடு சம்பந்தமே இல்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே அடங்கியது. அத்தனை மாதம் அடித்த புகை, காற்றில் கலந்ததுதான் மிச்சம்.

மங்கும் முட்டைப் பொறியும்

மலேரியா தோட்டங்களை விட்டு விலகிய பின் டிங்கி வந்தது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தனிப் பொறி வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஏடிஸ் ஒழிப்பு இயக்கம் நடந்த 1960-களில் முட்டைப் பொறி உருவானது. கறுப்பு டப்பாவில் கொஞ்சம் தண்ணீர், அதில் சாய்த்து வைத்த சொரசொரப்பான ஒரு துண்டு அட்டை. அவ்வளவுதான் பொறி. பெண் ஏடிஸ் வந்து அட்டையில் முட்டையிடும். சில நாள் கழித்து அட்டையை எடுத்து முட்டையை எண்ணலாம். மின்சாரம் வேண்டாம், மனிதக் கால் வேண்டாம், விலையும் சொற்பம். மலேசியாவில் மருத்துவ ஆய்வுக் கழகம் இதைப் பல ஊர்களில் வைத்துப் பார்த்திருக்கிறது.

தோட்டத்துக்காரர்கள் இந்தப் பொறியைப் பார்த்தால் சிரிப்பார்கள். பால்மரத்தில் கட்டியிருக்கும் மங்கு வேறென்ன? மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றால் மங்கில் மழைநீர் தேங்கும். நிழலும் உண்டு, ஈரமும் உண்டு. ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்கு அதைவிடச் சுகமான பிரசவ அறை கிடையாது. ஓர் ஏக்கருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரம், மரத்துக்கு ஒரு மங்கு. விலை உயர்ந்த ஆராய்ச்சிக் கருவி வேண்டாம், மங்கைக் கவிழ்த்துப் பார்த்தாலே கணக்குத் தெரியும். பால் வெட்டாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொன்ன பழைய தண்டல் அறிந்தோ அறியாமலோ நல்ல சுகாதார வேலை செய்திருக்கிறார். 2008-இல் ஜொகூரில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய சிக்குன்குனியாவைக் கிராமப்புறங்களில் சுமந்து திரிந்ததும் இந்த அல்போபிக்டஸ்தான்.

முட்டைப் பொறியும் பொய் சொல்லும். சுற்றிலும் ஆயிரம் மங்கு, பழைய டயர், பூச்சட்டி என்று தண்ணீர் தேங்கியிருந்தால் கொசு அங்கெல்லாம் முட்டையிடும். பொறியில் நாலு முட்டை விழும். கொசு குறைவு என்று கணக்கு சொல்லும். சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்தால் போக வேறிடமின்றிக் கொசு பொறிக்கு வரும். முட்டை கூடும். சுத்தம் செய்தபின் கொசு கூடிவிட்டதே என்று நகராண்மைக்காரர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இந்தக் குறையைக் களைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இந்திரா வைத்திலிங்கம் குழுவினர் வேறு வழியில் போனார்கள். முட்டையிட வரும் தாய்க்கொசுவையே பசையில் ஒட்டவைக்கும் பொறியைப் பெட்டாலிங் ஜெயாவின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்து, ஒட்டிய கொசுவில் டிங்கிக் கிருமி இருக்கிறதா என்று மருத்துவமனையில் நோயாளிக்குச் செய்யும் அதே சோதனையால் பார்த்தார்கள். ஆள் படுக்கையில் விழும் முன்பே கொசுவிடம் கிருமியைக் கண்டுபிடிப்பது நோக்கம். எத்தனை கொசு என்ற பழைய கேள்வியை விட்டு, எந்தக் கொசு கிருமியோடு வருகிறது என்று கேட்டதில்தான் இந்த வேலையின் அருமை இருக்கிறது.

மறுபடியும் காட்டோரம்

மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா பதிவாகவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குரங்கு மலேரியா வருகிறது. நோலெசி என்னும் அந்தக் கிருமி மனிதனுக்கு இயற்கையாகத் தொற்றும் என்பது 1965-இல் பகாங் காட்டுக்கு வந்துபோன ஓர் அமெரிக்கரிடம் முதன்முதலாகத் தெரிந்தது. அந்த ஆண்டுகளில் வார்ட்டனும் கூட்டாளிகளும் வலைக்குள் குரங்கை வைத்துத் தரையிலும் மர உச்சியிலும் பொறி கட்டி, குரங்குக் கொசு எது என்று தேடினார்கள். பின்பு அந்த விஷயம் உறங்கிவிட்டது. 2004-இல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பிர் சிங் குழுவினர் நிறைய நோயாளிகளைக் கண்டறிந்தபோதுதான் விழித்தது. அதன்பின் சரவாக்கிலும் பகாங்கின் கோலா லிப்பிஸ் பக்கத்திலும் இந்திரா வைத்திலிங்கம் குழுவினர் வெறுங்காலையும் குரங்கு வலையையும் கொண்டே கொசுவைப் பிடித்து இனம் காட்டினார்கள். இந்தக் கொசுவும் வெளியில் கடிக்கும் கொசு. காட்டோரத் தோட்டத்தில் அந்தியில் வேலை முடித்து வருபவரைக் கடிக்கும். வீட்டில் கொசுவலை கட்டினாலும் சுவரில் மருந்தடித்தாலும் அவருக்குப் பயனில்லை. மாக்குலாத்தஸ் எழுப்பிய அதே கேள்வி, வேறு கொசு, வேறு காய்ச்சல்.

வெறுங்காலுக்கு மாற்று தேடும் வேலை இன்னும் நடக்கிறது. 2015-இல் லாவோஸில் செய்த சோதனை ஒன்று வெளியானது. ஒரு வலைக்குள் இன்னொரு வலை. உள்வலைக்குள் ஆள் பத்திரமாகப் படுத்திருப்பார், கொசு கடிக்க முடியாது. வெளிவலை தரையைத் தொடாமல் சற்று உயர்ந்து நிற்கும். ஆள் வாசத்துக்கு அதற்கடியில் புகுந்து வரும் கொசு இரண்டு வலைக்கும் நடுவே சிக்கும். விளக்குப் பொறியையும் செயற்கை மணப் பொறியையும் இது எளிதாக வென்றது. அனோபிலிஸ், கியூலெக்ஸ் கொசுக்களில் வெறுங்காலுக்கு ஏறத்தாழ ஈடாகவும் நின்றது. அல்போபிக்டஸ் மட்டும் குறைவாகவே விழுந்தது. கேட்டரின் வலைக்கு 80 ஆண்டு கழித்து இன்னொரு வலை சேர்ந்திருக்கிறது. உள்ளே படுத்திருப்பவர் மட்டும் மாறவில்லை. இரவெல்லாம் மணிக்கொரு தரம் எழுந்து, வலைகளுக்கு நடுவே கைவிளக்கை அடித்து, சிக்கிய கொசுவைக் குழாயில் உறிஞ்சி, மணியை எழுதிவைத்துவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொள்கிறார்.